ரெண்டு ஊருக்கு ஒரு நிலைவாசல்

கருவேலம்பொட்டலில் பூமிநாதனின் புதுவீட்டுக்கு நிலை வைத்த தை வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூமிநாதன் கருவேலம்பொட்டலில் இல்லை. கடல் தாண்டி, மலை தாண்டி, ஒட்டகம்கூட ஒருதரம் யோசித்துவிட்டுத்தான் கால் எடுத்து வைக்கிற பாலைவனத்தில், உம்முல் ஹஜர் என்று பேர் விளங்குகிற இடத்தில், ரோமாபுரிக்காரர்கள் கட்டி ஆண்டு அலுத்துப்போய் விட்டுப்போன பட்டணத்தின் வெளியோரத்தில், அங்கே அப்போது மணி ஆறரைதான் என்பதால் பல்கூட விளக்காமல், செல்போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பட்டணத்தில் பாதிதான் வெளியே இருந்தது. ஒரு முனையில் அரைவட்டமாகப் படிப்படியாக இறங்குகிற கூத்துமேடை. அங்கேயிருந்து கிளம்புகிற கல்வீதி, ரெண்டு பக்கமும் தூண்களை நிறுத்திக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மிடுக்காக வந்து, வந்து, திடீரென்று மணலுக்குள் முங்கிவிடும். அதற்கப்புறம் மணல், அதற்கப்புறமும் மணல், அந்த மணலுக்கும் அப்பால் கண்மாயில் படுத்த எருமையின் முதுகுபோல ஒரே ஒரு கல் மட்டும் மேலே தெரியும். அது எதனுடைய தலை என்று யாருக்கும் தெரியாது. தோண்ட வந்த ஒன்பது தமிழாட்களும் டீக்குடிக்க உட்காருகிற கல் அது. வீதி என்றைக்கு அந்தக் கல்லைத் தொடுகிறதோ அன்றைக்கு ஒன்பது பேருக்கும் ஊருக்கு டிக்கெட் என்பது ஒப்பந்தம். அதுவரைக்கும் ஒன்பது பாஸ்போர்ட்டும் மேஸ்திரி அபு ஸாலிமின் இரும்புப் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து உறங்கும்.

செல்போனுக்குள் வீரபத்திரக் கொத்தனார் தெரிந்தார். தலையில் துண்டு, காதில் பென்சில், பின்னால் வேப்பமரத்து நிலை மஞ்சளும் குங்குமமும் பூசிக்கொண்டு புதுப்பெண்ணாகச் சாய்ந்திருந்தது. அதைத் தூக்க ஆறுபேர் குனிந்து நின்றார்கள்.

"அப்பு, நல்ல நேரம் போயிக்கிருக்கு. வீட்டுக்குத் தலைக்கட்டு நீ, உன் கை படாம நிலை நிக்காது. நீ என்ன பண்ற, அங்கன எதுமேலயாச்சும் கைய வையி. நாங்க இங்கன தூக்கி நிறுத்திர்றோம். கை கைதான, அது எங்கிட்டிருந்தா என்ன?"

இப்படி ஒரு யோசனை உலகத்தில் வேறு எந்தக் கொத்தனாருக்கும் வராது. பூமிநாதன் சுற்றுமுற்றும் பார்த்தான். கைவைக்கத் தோதாக அங்கே டீக்கல் ஒன்றுதான் இருந்தது. மெஸ்ஸிலிருந்து கொண்டுவந்த மஞ்சள்தூளைக் கரைத்து அதன்மேல் பூசினான். நவதானியத்துக்கு மெஸ்ஸில் ரெண்டே தானியம் இருந்தது. துவரம்பருப்பையும் அரிசியையும் போட்டான். மாவிலைக்கு ஒலிவ இலை. அப்புறம் கண்ணை மூடி, வலதுகையைக் கல்லில் அழுத்தி, "நெலச்சு நிக்கணும், ஆத்தா" என்றான். செல்போனுக்குள் குலவைச் சத்தம் எழும்பியது. நிலை நின்றது. அவன் பெண்டாட்டி இருளாயி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நின்னுருச்சுங்க" என்றாள்.

பூமிநாதனின் உள்ளங்கைக்குக் கீழே கல்லும் லேசாக ஒருதரம் அசைந்து கொடுத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டு பல் விளக்கப் போனான்.

மறுநாள் சனிக்கிழமை வேலை. ஒன்பது பேரும் அந்திவரைக்கும் அள்ளி, தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொட்டுமேட்டில் கொட்டினார்கள். சாயங்காலம் இருளாயியின் குரல் வாட்ஸப்பில் வந்தது.

"ஏங்க, நம்ம வீட்டுக்குள்ள யாரோ மணல் அடிச்சுட்டுப் போயிருக்காக. வண்டித் தடமும் இல்ல, ஆள் தடமும் இல்ல. நீங்க யார்கிட்டயும் சொல்லிவிட்டீகளா? நல்லா சலிச்ச மாவு மாதிரி இருக்கு, தொட்டா சுடுது."

பூமிநாதன் திரும்பிக் கொட்டுமேட்டைப் பார்த்தான். காலையிலிருந்து கொட்டிய மணல் அங்கே ஒரு கூடைகூட இல்லை. அபு ஸாலிம் அதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டு, லாரி வைத்து அப்புறப்படுத்துகிற வேலை மிச்சம் என்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். ஆட்களிடம் கற்றுக்கொண்ட மூன்றே மூன்று தமிழ் வார்த்தைகளை வைத்துக்கொண்டு மொத்தப் பட்டணத்தையும் மேய்க்கிற மனுஷர் அவர். "போதும்! சீக்கிரம்! டீ அப்புறம்!" என்றார். அத்தோடு அந்த விஷயம் அங்கே தீர்ந்தது.

கருவேலம்பொட்டலிலும் யாரும் வாயைப் பிளக்கவில்லை. நிலை வைத்தபின் தளத்துக்குள் மணல் ரொப்புவது எந்த வீட்டுக்கும் உள்ளதுதான், அதற்காக நாயாய்ப் பேயாய் அலைவதும் உள்ளதுதான், இந்த வீட்டுக்கு அது தானாக வருகிறது, அவ்வளவுதானே. "புருஷன்னா இப்படியில்ல இருக்கணும்" என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். "எம்புருஷன் பெங்களூர்ல இருந்து ஒரு கட்டி வெல்லம் அனுப்புனதில்ல. அந்த மனுசன் அரபு நாட்ல நின்னுக்கிட்டு இம்புட்டு மணல அனுப்புறாரு." வீரபத்திரக் கொத்தனார் தண்ணீர் ஊற்றி மணலைக் கெட்டித்து, அதன்மேல் செங்கல் வைத்து, மாசியில் ஜன்னல் மட்டம், பங்குனியில் லிண்டல், சித்திரையில் கான்கிரீட் என்று வீட்டைக் கிடுகிடுவென்று ஏற்றினார். மணலும் கூடவே ஏறியது. தினமும் அள்ளி வெளியே போட்டார்கள். தினமும் வந்தது.

வெளியே போட்ட மணலை ஊர் எடுத்துக்கொண்டது. அதிலே சண்டை வந்தது. சண்டை வந்ததும் கூட்டம் போட்டார்கள். கூட்டத்தில் தெருவுக்கு ஒரு கிழமை என்று முறை வைத்தார்கள். பள்ளிக்கூடத் தெருவுக்கு வெள்ளிக்கிழமை விழுந்தது. வெள்ளிக்கிழமை ஒரு பிடி மணல்கூட வரவில்லை, அடுத்த வெள்ளியும் இல்லை, அதற்கடுத்த வெள்ளி பள்ளிக்கூடத் தெரு மொத்தமும் இருளாயி வீட்டு வாசலில் வந்து நின்றது.

"ஏத்தா, எங்க தெரு மட்டும் உம்புருஷனுக்குக் கசக்குதோ?"

"ஐயோ மாமா, அங்கிட்டு வெள்ளிக்கிழம லீவாம்."

"லீவா? அப்ப அந்த அரபுக்காரன்கிட்ட சொல்லி லீவ ஒருநாள் தள்ளிப் போடச் சொல்லு. எங்களுக்கு என்ன கேட்பார் இல்லியா?"

அந்தக் கோரிக்கையும் வாட்ஸப்பில் போய்ச் சேர்ந்தது. பூமிநாதன் அதை அபு ஸாலிமிடம் சொல்ல, அபு ஸாலிம் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்புறம்" என்றார்.

வந்த மணல் பூச்சுக்கு ஆகவில்லை. மாவுமாதிரி இருந்ததால் சிமெண்டு பிடிக்காமல், பூசிய சுவரெல்லாம் அப்பளம்போல உரிந்து விழுந்தது. அதற்காக ஊர் அதை விட்டுவிடவில்லை. கோயில் திடலை மேடாக்கினார்கள், கபடிக்கு மெத்தை போட்டார்கள், கிழவர்கள் சூட்டு மணலைத் துணியில் முடிந்து முழங்காலுக்கு ஒத்தடம் வைத்து, "ரோமாபுரி ஒத்தடம், வலி ராத்தங்காது" என்றார்கள். சலிக்கும்போது பானை ஓடு வந்தது, பச்சைக் கண்ணாடித் துண்டு வந்தது, வாய் நீண்ட மண்விளக்கு ஒன்று வந்து இருளாயியின் மாடக்குழியில் ஏறி உட்கார்ந்தது. ஒருநாள் முழங்காலுக்குக் கீழே பளபளவென்று ஒரு பளிங்குக்கால் வந்தது, ஐந்து விரலும் நகமும் செருப்பு வாரும் பிசகாமல். அதை வேப்பமரத்தடியில் நட்டு, மாலை போட்டு, ஒத்தக்கால் சாமி என்று பேர் வைத்து, கால்வலிக்கு வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அதே வாரத்தில்தான் உம்முல் ஹஜரில் பிரிஸ்கா மேடம் காலைத் தேடிக்கொண்டிருந்தார். பட்டணத்தைத் தோண்டுகிற ஆராய்ச்சிக்கே பெரியவர் அவர்தான். அறுபது வயது, சல்லடைபோல ஓட்டை விழுந்த தொப்பி, காதுக்குப் பின்னால் பிரஷ், மனுஷரோடு பேசுவதைவிடக் கல்லோடு பேசுவது அதிகம். கிடைத்ததையெல்லாம் துடைத்து, படமெடுத்து, நம்பர் போடாமல் விடமாட்டார். ஒரு பெண்சிலை கிடைத்திருந்தது, வலதுகால் மட்டும் இல்லை. மேடம் சிலையைச் சுற்றிச் சுற்றிவந்து பத்து நிமிஷம் தன் பாஷையில் உருகி உருகிப் பேசினார். எல்லோரும் அபு ஸாலிமைப் பார்த்தார்கள். அபு ஸாலிம் அவ்வளவையும் கேட்டு முடித்து, "தோண்டு" என்று மொழிபெயர்த்தார். தோண்டு என்பது அன்றைக்குத்தான் கற்றுக்கொண்ட நாலாவது வார்த்தை.

பூமிநாதன் சட்டைப்பையிலிருந்த செல்போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதற்குள் அந்தக் கால் மாலையோடு நின்றது. என்னவென்று சொல்வான்? வாயை மூடிக்கொண்டு தோண்டினான்.

ஆனியில் அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். மணல் கடத்துவதாக யாரோ மனுப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத் தெருவாகத்தான் இருக்கும். பெரிய அதிகாரி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"வண்டி நம்பர் சொல்லும்மா."

"வண்டி இல்ல சார்."

"வண்டி இல்லாம மணல் எப்படிம்மா வரும்?"

"அவுக அங்க அள்ளுறாக, இங்க வந்துருது."

"அவுகன்னா?"

"எங்க வீட்டுக்காரவுக."

அதிகாரி மறுபேச்சுப் பேசாமல், 'வாகனம்: தெரியவில்லை. ஓட்டுநர்: கணவர்' என்று எழுதிக்கொண்டார். அப்புறம் எல்லோரையும் வெளியேற்றி, புதுக்கதவைச் சாத்தி, பூட்டி, பூட்டுக்குத் துணி சுற்றி அரக்கு உருக்கி முத்திரை குத்தி, கதவின் நெற்றியில் ஒரு தாளை ஒட்டினார். பள்ளிக்கூடத்து வாத்தியார் அதை ஊர்கேட்கப் படித்தார்:

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மேற்படி கிராமத்தில் வசிக்கும் கூரிச்சாமி மகன் பூமிநாதன் என்பாரது வீட்டில் உரிய அனுமதியின்றி இருப்பு வைக்கப்பட்டுள்ள மணலானது, எங்கிருந்து, எவரால், எவ்வழியே கொண்டுவரப்பட்டது என்ற விசாரணை முடிவுறும் வரை, மேற்படி மணலில் ஒரு பிடியும் எவரும் அப்புறப்படுத்தலாகாது. மேற்படி கதவை எவரும் திறக்கலாகாது. மீறுவோர் மீது சட்டப்படி கடும் நடவடிக்கை எடுக்கப்படும்."

அன்றிலிருந்து அள்ளுவாரில்லை. மணல் மட்டும் வாரம் ஆறுநாளும் தவறாமல் வந்தது. முதலில் அடுப்படி மேடையை மூடியது, அப்புறம் பூஜை மாடத்தை, அப்புறம் ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் நின்று, ஜெயிலில் பார்வையாளரைப் பார்க்கிற கைதிமாதிரி, தெருவைப் பார்த்தது. இருளாயி வாடகைக் குச்சுவீட்டின் வாசலில் உட்கார்ந்து தன் வீடு நிறைவதைப் பார்த்தாள். இன்னும் பால் காய்ச்சவில்லை. ஒருநாள்கூட அந்தத் தரையில் படுத்துப் பார்க்கவில்லை. "புதுவீட்டுத் தரையில முதமுத குப்புறப் படுத்தாத்தான் அது நம்ம வீடுன்னு தெரியும்னு சொன்னீகளே" என்று ஒரு குரலை அனுப்பினாள்.

வீரபத்திரக் கொத்தனார் வீட்டைச் சுற்றிவந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, கடைசியில் செல்போனில் பூமிநாதனிடம் உண்மையைக் கக்கினார்.

"அப்பு, தப்பு எம்மேலதான். ஒரே முகூர்த்தத்துல, ஒரே கையால, ரெண்டு எடத்துல நெல வச்சுப்புட்டோம். இப்ப அந்தப் பட்டணமும் நீதான் தலைக்கட்டுன்னு நெனச்சுக்கிருச்சு. ஒரு தலைக்கட்டுக்கு ரெண்டு வீடு ஆகாதுல்ல, அதான் அங்கிட்டு ஒழிக்க ஒழிக்க இங்கிட்டு அடையுது."

"அப்ப நெலயப் பேத்து எடுத்துருவமா மாமா?"

"வாயக் கழுவு! வச்ச நெலயப் பேத்தா தாலிக்கு ஆகாது. நீ வரணும். வந்து, இந்த நெலயில ஒருதரம் அதே கைய வச்சு, 'இதுதான் என் வீடு'ன்னு சொல்லணும். சொல்லிட்டா அது விட்டுரும்."

வரணும் என்றால் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் வேண்டும் என்றால் வீதி டீக்கல்லைத் தொடவேண்டும். வீதி டீக்கல்லைத் தொடவேண்டும் என்றால் நடுவில் இருக்கிற மணலையெல்லாம் அள்ளவேண்டும். அள்ளினால் அது எங்கே போகும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பூமிநாதன் இதை விரலைவிட்டு மடக்கி மடக்கிப் பார்த்தான். எந்த விரலில் ஆரம்பித்தாலும் அதே விரலில் வந்து முடிந்தது.

மேடத்திடம் மன்றாடினான். செல்போனில் வீட்டைக் காட்டினான், ஜன்னலைக் காட்டினான், அரக்கு முத்திரையைக் காட்டினான், கைகூப்பினான். மேடம் கண்கலங்கிப் பத்து நிமிஷம் பேசினார், அவன் தோளில் கைவைத்துப் பேசினார், கடைசியில் வானத்தைப் பார்த்துப் பேசினார். அபு ஸாலிம் மொழிபெயர்த்தார்: "அப்புறம்."

அதற்குமேல் பூமிநாதன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிரஷை எடுத்தான். பிரஷும் வேகமாக ஓடுகிறது என்று தோன்றவே மெஸ்ஸிலிருந்து ஒரு டீஸ்பூன் எடுத்துவந்தான். ஒரு ஸ்பூன் மணல், ஒரு பெருமூச்சு, இன்னொரு ஸ்பூன். மேடத்துக்கு அந்தப் பொறுமை ரொம்பப் பிடித்துப்போய், எல்லோரும் அப்படியே செய்யவேண்டும் என்று உத்தரவு போட்டார். ஒன்பது பேரும் ஒன்பது ஸ்பூனோடு பாலைவனத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

மூன்றாம் நாள் சூசை ஸ்பூனை எறிந்தான். தருவைகுளத்துக்காரன், பூமிநாதனோடு ஒரே அறையில் கட்டில் போட்டவன், டீக்கல்லில் எப்போதும் பக்கத்தில் உட்காருகிறவன்.

"அண்ணே, ஒரு வார்த்த கேக்கேன், கோவிச்சுக்கிடாத. எம்புள்ள பொறக்கும்போது நான் இங்க. தவழும்போது இங்க. இப்ப நடக்கான். என் பொண்டாட்டி செல்போன நீட்டி 'அப்பா'ன்னா, அவன் செல்போனுக்குத்தான் முத்தங் குடுக்கான். அவன் நெனப்புல அப்பன்னா கறுப்பா, தட்டையா, சார்ஜ் போடுத சாமான். இந்த ஸ்பூன வச்சு அள்ளுனா அவன் கல்யாணத்துக்குத்தான் போய்ச் சேருவேன்."

"என் வீடு மூழ்குதுடா சூசை."

"தெரியும்ணே. உன் வீடு மூழ்கணும்னு நான் நெனப்பனா? ஆனா எட்டுப் பேரும் ஊர் போயிச் சேரணும்லா. நீயே சொல்லு, நான் என்ன செய்யட்டும். நீ சொன்னா ஸ்பூன எடுத்துக்கிடுதேன்."

அவன் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. திட்டியிருந்தால் திட்டிவிடலாம், அடித்திருந்தால் அடித்துவிடலாம். கேட்டுவிட்டு, பதிலுக்காக மணலில் குந்தி உட்கார்ந்திருந்தான். பூமிநாதன் எழுந்துபோய் ஒன்பது மண்வெட்டிகளையும் தூக்கிக்கொண்டுவந்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தான். தன்னுடையதை எடுத்து முதல் வெட்டு வெட்டினான்.

ஆடி, ஆவணி, புரட்டாசி. காற்று அடித்தது, வெயில் அடித்தது, அபு ஸாலிம் விசில் அடித்தார், ஒன்பது பேரும் வெட்டினார்கள், வெட்ட வெட்ட வீதி ஒவ்வொரு தூணாக எழுந்து நடந்து டீக்கல்லை நோக்கிப் போனது, ஒவ்வொரு தூணுக்கும் கருவேலம்பொட்டலில் ஒரு சாண் மணல் ஏறியது, இருளாயி ஏறிய மட்டத்தைத் தினமும் குரலில் சொன்னாள். இடுப்பு என்றாள். நெஞ்சு என்றாள். சுவிட்சு போர்டு என்றாள். ஒருநாள், "ஃபேன் மாட்ட விட்டிருந்த கொக்கி மட்டும் தெரியுதுங்க" என்றாள். அதற்குப் பிறகு மட்டம் சொல்வதை நிறுத்திவிட்டு, சாப்பிட்டீகளா என்று மட்டும் கேட்டாள்.

அவள் சும்மாவும் இருக்கவில்லை. மொட்டைமாடிப் படிவழியாக உள்ளே இறங்கி, கொத்தனாரின் சென்ட்ரிங் பலகைகளை நட்டு மணலைத் தடுத்து, கிணற்றுக்குள் கிணறு தோண்டுகிறமாதிரி, நிலைக்கதவுக்கு உட்பக்கமாக ஒரு ஆள் குந்தி உட்காருகிற அளவுக்கு இடத்தை ஒழித்து வைத்திருந்தாள். தலையாரி வந்து மேலிருந்து எட்டிப் பார்த்து அதட்டினார்.

"ஏத்தா, நோட்டீஸ்ல என்ன போட்டுருக்கு?"

"அப்புறப்படுத்தக் கூடாதுன்னு போட்டுருக்கு. நான் அப்புறப்படுத்தல மாமா, ஓரமா ஒதுக்குறேன்."

தலையாரி யோசித்துப் பார்த்துவிட்டு, அதற்கு நோட்டீஸில் இடமிருப்பதாகத் தோன்றவே, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசியில் கொத்தனார் நாள் பார்த்தார். வீடு இருக்கிறதோ இல்லையோ, நிலை வைத்த வருஷத்துக்குள் பால் காய்ச்சிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை, ஒன்பது மணி. அதே வெள்ளிக்கிழமைதான், வீதிக்கும் டீக்கல்லுக்கும் நடுவே ஒருமுழ மணல் மட்டும் மிஞ்சியிருந்ததால், லீவு என்றும் பாராமல் அபு ஸாலிம் விடிய விசில் அடித்தார். மேடம் தொப்பியைக் கழற்றி வந்து நின்றார். சூசை பெட்டி கட்டி முடித்துவிட்டு அதன் சாவியைச் சிலுவையோடு கழுத்தில் தொங்கவிட்டிருந்தான்.

மணல் சரிந்தது. டீக்கல் ஒரு பெரிய வாசலின் உச்சிக்கல்லாக இருந்தது. ரெண்டு பக்கமும் கொடியும் திராட்சையும் செதுக்கிய தூண்கள், யானை அம்பாரியோடு நுழையலாம், அவ்வளவு உயரம். அந்த வாசலுக்கு நட்டநடுவில், யானை நுழைகிற வாசலில் ஆட்டுக்குட்டி நிற்கிறமாதிரி, மஞ்சள் மங்காத வேப்பமரத்து நிலையொன்று நின்றது. அதில் ஒரு கதவு சாத்தியிருந்தது. கதவில் பூட்டு, பூட்டில் சிவப்பு அரக்கு, நெற்றியில் ஒரு தாள்.

ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ஒன்பது பேருக்கும் அந்தக் கதவை போட்டோவில் பார்த்துப் பார்த்துப் பழக்கம். சூசை மட்டும் முன்னால் வந்து, நோட்டீஸைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, "கூரிச்சாமி மகன் பூமிநாதன்" என்ற இடத்தில் நாக்கைக் கடித்து நிறுத்திக்கொண்டான். அதற்குள் பேர் மேடத்தின் காதில் விழுந்துவிட்டது. மேடத்துக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பேர் தெரியும். பேனாவால் அந்தத் தாளைத் தொட்டு, "பூமி-நாதன்?" என்றார், பிறகு பூமிநாதனைத் திரும்பிப் பார்த்தார்.

பூமிநாதன் எதையும் கேட்கவில்லை. கதவுக்குக் கிட்டப்போய் விரல்முட்டியால் தட்டினான்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து.

"நாந்தான்."

வளையல் மரத்தில் உரசுகிற சத்தம் கேட்டது.

"வந்துட்டீகளா? எந்தப் பக்கம் இருக்கீக?"

"வெளிப்பக்கம்."

"ஊர்ல வெளிப்பக்கம் கொத்தனார் மாமால்ல நிக்கிறாரு. இப்பத்தான் கேட்டாரு, பால வச்சுட்டியான்னு."

"அது அந்த வெளிப்பக்கம் புள்ள. நான் இந்த வெளிப்பக்கம்."

அவன் வலதுகையை நிலையில் வைத்தான். மஞ்சள் கையில் ஒட்டியது. "இதுதான் என் வீடு" என்றான், முதலில் மெதுவாக, அப்புறம் மற்ற எட்டுப் பேருக்கும் கேட்க, அப்புறம் பட்டணத்துத் தூண்கள் எல்லாம் திருப்பிச் சொல்கிறமாதிரி அடித்தொண்டையில். ஒன்றும் ஆகவில்லை. கல்லுக்குக் குழப்பமாகத்தான் இருந்திருக்கும். தனக்குக் கீழே நிற்கிற நிலையைத் தொட்டுக்கொண்டு, தன் வாசலில் நின்றுகொண்டு, இதுதான் என் வீடு என்கிறவனை அது எந்த ஊர்க்காரன் என்று எடுத்துக்கொள்ளும்?

"கதவத் தொறக்கவா புள்ள? அரக்க உடைச்சுர்றேன். ஜெயில்ல போட்டா போடட்டும்."

"வேணாம், வேணாம்! தொறந்துராதீக. பலகையெல்லாம் கதவுலதான் முட்டுக் குடுத்திருக்கு. கதவு அசைஞ்சா வீட்டு மணல் பூரா எந்தலமேல வந்துரும்."

அவன் கையை எடுத்துக்கொண்டான். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையில் வைத்துக்கொண்டான்.

"நேரம் ஆச்சுங்க" என்றாள் உள்ளேயிருந்து. "அடுப்பப் பத்தவைக்கிறேன். நீங்க அங்கேயே நில்லுங்க. எங்கயும் போயிராதீக."

"எங்க போவேன்?"

தீக்குச்சி கிழிக்கிற சத்தம். ஒருமுறை அணைந்து, ரெண்டாம் முறை பற்றியது. சுள்ளிப் புகை கதவிடுக்கில் நூலாக வந்து ரோமாபுரித் திராட்சைக் கொத்தில் ஏறிப் படர்ந்தது. அபு ஸாலிம் வாயிலிருந்த விசிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மேடம் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டார். எட்டுப் பேரும் அவரவர் ஊர்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

"பொங்குதா?"

"இன்னும் இல்ல."

"இப்ப?"

"ஏங்க, பறக்காதீக. ஏடு கட்டுது. இந்தா... இந்தா... பொங்குது! பொங்கிருச்சுங்க!"

கதவுக்குள் ஒற்றைக் குலவைச் சத்தம் எழுந்தது; துணைக்குரல் இல்லாத குலவை, மூச்சுமுட்டப் போட்டது. அதன் பின்னாலேயே கதவின் அடியிடுக்கில் வெள்ளையாக ஒரு விரல் நீண்டது. பசும்பால். நுரையோடு வந்து, வேப்பமரத்து வாசற்படியைக் கடந்து, வண்டிச்சக்கரம் தேய்த்த கல்வீதியின் பள்ளத்தில் இறங்கி, பூமிநாதனின் வெறுங்காலைத் தொட்டது. இளஞ்சூடாக இருந்தது. அவன் குனிந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். அப்புறம் அந்தக் கல்வீதியில், ஆயிரத்தைந்நூறு வருஷம் ஒருவரும் படுக்காத தரையில், குப்புறப் படுத்து, கன்னத்தைக் கல்லில் வைத்தான்.

"வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு."

ஒருவாரத்தில் எட்டுப் பேர் டிக்கெட்டோடு ஊர் போனார்கள். சூசை போகும்போது பூமிநாதனைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், பையிலிருந்த டீஸ்பூனை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டுப் போனான். பூமிநாதனுக்கு டிக்கெட் இல்லை. தோண்டியெடுத்த வாசலில் தோண்டியவன் பேரே எழுதியிருந்ததால், அது எவ்விதம், எக்காலத்தில், எவரால் நேர்ந்தது என்ற விசாரணை முடியும்வரை அவன் அந்த இடத்தைவிட்டு நகரலாகாது என்று அங்கேயும் ஒரு துறை, அங்கேயும் ஒரு தாள், அங்கேயும் ஒரு முத்திரை. மேடம் கதவைத் துடைத்து, படமெடுத்து, சுண்ணாம்புக்கட்டியால் மூலையில் நாலாயிரத்து நூற்றுப்பதினேழு என்று நம்பர் போட்டு, சுற்றிக் கயிறு கட்டினார். கட்டி முடித்தபின் பத்து நிமிஷம் பூமிநாதனிடம் தாழ்ந்த குரலில் பேசினார். இந்தமுறை அபு ஸாலிம் மொழிபெயர்க்க முயற்சிகூடச் செய்யவில்லை. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கதவுக்கு முன்னால் போட்டார்.

இப்போது அவன் அந்தக் கதவுக்குக் காவல்காரன். பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்று அவனையும் சேர்த்துப் படமெடுத்துக்கொள்கிறார்கள். தோண்டுவது நின்றுவிட்டதால் மணல் வருவதும் நின்றுவிட்டது. வந்த மணல் போவதற்கு உத்தரவில்லை. மணலுக்கு வழியில்லாத பள்ளிக்கூடத் தெருக்காரர்கள், ஒத்தக்கால் சாமியை வெள்ளிக்கிழமைகளில் தங்களிடம் விடச்சொல்லி வாங்கிக்கொண்டு சமாதானம் ஆகிவிட்டார்கள். தினமும் ஊரில் ஒன்பது மணி ஆகும்போது இங்கே ஆறரை. இருளாயி மாடிவழியாக இறங்கி, பலகைகளுக்கு நடுவே கதவோரம் வந்து உட்காருகிற சத்தம் கேட்கும். பூமிநாதன் நாற்காலியைவிட்டு எழுந்து, சட்டையைச் சரிபண்ணிக்கொண்டு, கயிற்றைத் தாண்டிப்போய்த் தட்டுவான்.

"யாரு?"

"நாந்தான்."

"வாங்க, உள்ள வாங்க" என்பாள், வீட்டுக்கு வந்தவரிடம் எந்த வீட்டுக்காரியும் சொல்கிறமாதிரியே.

"இந்தா வந்துட்டேன்" என்பான். சொல்லிவிட்டு, அந்தப் படியிலேயே உட்காருவான்.